தகரக் கூரையில் தொடங்கிய படிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள், மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்து ஒரு மாதமாக வெப்பநிலையைக் குறித்து வருவதாகவும், "இதையே படிக்கப் போகிறேன்" என்று அவள் சொல்வது கவலையளிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வெள்ளையடிக்க எதற்குப் பட்டம் என்று தாங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவள் கை வைத்திருக்கும் துறைக்குப் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) என்று பெயர்.

மார்கழி விடியலில் வாசலில் நின்ற சைக்கிளின் சீட் பனியில் நனைந்திருக்கும். திண்ணையில் நின்றது காய்ந்தே இருக்கும். வானத்தைப் பார்த்திருக்கும் பொருள், 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களாகத் தன் வெப்பத்தை வளிமண்டலத்தைத் தாண்டி அனுப்பிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. இதைப் பட்டப்பகலிலும் நடத்த வேண்டுமென்றால், மேற்பூச்சு வெயிலை ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்ப வேண்டும். 2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர், வெள்ளிப் படலத்தின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடையும் சிலிக்காவையும் ஏழு அடுக்குகளாகப் படியவைத்து, நேர் வெயிலில் காற்றைவிட 4.9 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியைக் காட்டினார்கள். கூரைக்குக் கட்டுப்படியாகாத பொருள் அது. 2021-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் பேரியம் சல்பேட் பெயிண்டைக் கொண்டே 98.1 சதவீத வெயிலைத் திருப்பினார்கள். கடையில் வாங்கும் வெள்ளை பெயிண்ட் அந்த அளவை எட்டாததற்கு, அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்வதும் ஒரு காரணம்.

நம் டெல்டாவில் சிக்கல் வேறு. ஈரக்காற்றிலுள்ள நீராவி, வெப்பம் வெளியேறும் அந்த வழியைக் குறுக்கிவிடும். அறுவடைத் தூசியும் ஐப்பசி மழைக்குப் பிடிக்கும் பாசியும் வெண்மையைக் கெடுக்கும். வறண்ட ஊரில் வென்ற பூச்சு நாகப்பட்டினத்தில் தோற்கலாம் என்பதால், இங்கு செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

குளிர்விக்கும் பூச்சு என்ற தலைப்பிலேயே இளநிலைப் பட்டம் தேட வேண்டாம். (பெயரில் 'நானோ' ஒட்டிய படிப்பு என்றால் பாடத்திட்டத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள்.) ஜே.இ.இ. மெயின் தேர்வில் நல்ல இடம் கிடைத்தால், திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல். இல்லையேல் மாநிலக் கலந்தாய்வில் வேதிப் பொறியியல். செலவுக்கு அஞ்சினால், மன்னார்குடி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், இவளைப் போன்ற பிள்ளைக்கு அதைக் குறைந்த வழியாக நான் நினைக்கவில்லை. பெயிண்ட் நிறுவன ஆய்வுக்கூடம், கட்டட எரிசக்தித் தணிக்கை ஆகியவற்றில் வேலை உண்டு. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் முதுநிலைக்குப் பிறகும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தாங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தில் பிற்பகல் 2 மணி அளவு மட்டுமே இருக்கிறது. விடியற்காலை அளவையும், பக்கத்தில் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், மேகமூட்டம் ஆகியவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். வெறும் தகரம் வெப்பத்தை எளிதில் உமிழாது, சுண்ணாம்பு உமிழும் என்பதை அவளே கண்டுகொள்வாள். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலை அதன் பிறகு பார்க்கலாம்.