உப்புத் தண்ணீரில் மட்டும் முட்டை மிதப்பது ஏன்?

கேள்வி இதுதான்: வெறும் தண்ணீரில் மூழ்கிய முட்டை, உப்பைக் கரைத்ததும் மேலே வருகிறது. முட்டையின் எடை மாறவே இல்லையே, பிறகு எப்படி?

எனக்கு இது வகுப்பில் புரியவில்லை. வீட்டில் விதைநெல் தேறும்போதுதான், அதாவது விதைக்கு நல்ல நெல்லைப் பிரித்தெடுக்கும்போதுதான், புரிந்தது. நாற்று விடுவதற்கு முன் அப்பா ஒரு அண்டா தண்ணீரில் புது முட்டையைப் போடுவார். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க, முதலில் எழுந்து நிற்கும், அப்புறம் மெல்ல மேலே வரும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு காசு அகலத்துக்கு ஓடு தெரிந்ததும் "போதும்" என்பார்.

முட்டை இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதே வடிவத்தில் தண்ணீர் இருந்தது. அது மூழ்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. காரணம், ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். அதனால் கீழிருந்து வரும் தள்ளல் மேலிருந்து வருவதைவிட அதிகம். அந்த வித்தியாசம் சரியாக அந்தத் தண்ணீரின் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அங்கே முட்டை வந்தாலும் சுற்றியுள்ள தண்ணீர் அதே அளவுதான் தள்ளும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான்.

முட்டை 54 கிராம், அதன் கன அளவு 50 மில்லி என்று வையுங்கள். 50 மில்லி நல்ல தண்ணீரின் எடை 50 கிராம். தாங்குவதற்கு 4 கிராம் குறைகிறது, முட்டை மூழ்குகிறது. உப்பு கரைந்து அதே 50 மில்லி 56 கிராம் ஆகிவிட்டால்? முழுவதும் முங்கியிருக்கும்போது தள்ளல் 2 கிராம் மிச்சம். ஆகவே முட்டை எழும்பி, 54 கிராம் தண்ணீரை விலக்கும் அளவுக்கு மட்டும் முங்கி நிற்கும். வெளியே தெரியும் அந்தக் காசு அளவு, மிச்சமான தள்ளலின் அடையாளம்.

அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதர் உடனே மிதக்கும். உமிக்குள் காற்று இருப்பதால் எடைக்கு மிஞ்சிய இடத்தை அது அடைக்கிறது. இரும்புக் கப்பலுக்கும் இதே கணக்குதான். ஆனால் அரைகுறையாகப் பால் பிடித்த நெல் இருக்கிறதே, அது வெறும் தண்ணீரில் நல்ல நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். உப்புத் தண்ணீர்தான் அதை மேலே கொண்டுவந்து காட்டிக்கொடுக்கும். முற்றிய நெல் மட்டும் அடியில் தங்கும். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு முட்டையை வைத்துத் தண்ணீரின் அடர்த்தியை அளந்துவிடுகிறார்களே, இன்றைக்கும் எனக்கு அது வியப்புதான். தேறிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

ஒரு வருடம் நான் பல நாள் இருந்த முட்டையைப் போட்டுவிட்டேன். பழைய முட்டையில் ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் போய், உள்ளே காற்று சேர்ந்திருக்கும். கன அளவு அதே, எடை குறைவு. கொஞ்சம் உப்புக்கே அது மேலே வந்துவிட்டது, நானும் நிறுத்திவிட்டேன். அரைகுறை நெல்லெல்லாம் அடியிலேயே தங்கிவிட்டது. நாற்றங்காலில் திட்டுத் திட்டாக நோஞ்சான் நாற்று. அதற்குப் பிறகு விதைநெல் தேறும் நாளில் காலையில் கோழி இட்ட முட்டையைத்தான் எடுக்கிறேன்.