வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வாசலில் பட்டாசுக் கடை போடலாமா?

கேள்வி: தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்களுக்கு மட்டும் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிக் கீற்றுப் பந்தல் போட்டுப் பட்டாசு விற்கலாம் என்றிருக்கிறேன். சிவகாசியில் உள்ள உறவினர் மொத்த விலைக்குச் சரக்குத் தருகிறார். இவ்வளவு சிறிய வியாபாரத்துக்கும் உரிமம் வேண்டுமா? 17 வயது மகன் கடையைப் பார்த்துக்கொள்வான்.
– வாசகர், நத்தம்

பதில்: உரிமம் கட்டாயம் வேண்டும். ஆனால் தாங்கள் சொல்லும் இடத்துக்கு அது கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பட்டாசு விற்பனை 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும், அதன் கீழ் வகுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டது. பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளுக்கென்றே அந்த விதிகளில் 84ஆவது விதி இருக்கிறது. கடை, தீப்பற்றாத பொருளால் ஆன கொட்டகையாக இருக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. ஆகவே கீற்றும் சாமியானாவும் அப்போதே அடிபட்டுவிடுகின்றன, தகரக் கொட்டகைதான் வழி. ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி அமையக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியே கொட்டகை இருக்க வேண்டும் என்பது. தங்கள் திண்ணையில் தங்கள் வீடே அந்த 50 மீட்டருக்குள் வந்துவிடுகிறது. சென்னையில் தீபாவளிப் பட்டாசுக் கடைகளைத் தீவுத்திடல் போன்ற திறந்தவெளியில் வரிசையாகப் போடுவதற்கும் இந்தத் தொலைவுக் கணக்கே காரணம்.

மின்விளக்கைப் பற்றியும் விதி நுணுக்கமாகவே பேசுகிறது. பந்தற்காலில் வயரைச் சுற்றிக் குண்டு பல்பைத் தொங்கவிடுவது நம் ஊர்க் கடைகளில் சாதாரணம். பட்டாசுக் கடையில் விளக்கு சுவரிலோ கூரையிலோ அசையாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும், சுவிட்சும் அப்படியே. கடை வரிசை ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும். எண்ணெய் விளக்கும் கேஸ் விளக்கும் கொட்டகைக்குள் மட்டுமல்ல, பாதுகாப்புத் தொலைவுக்குள்ளேயே கூடாது. ‘சாம்பிள்’ காட்டுவதற்காகக் கடை வாசலில் ஒரு வெடியைக் கொளுத்திப் போடுவதும் குற்றமே. அதற்கும் 50 மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

மகன் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 18 வயது நிறையாதவர் வெடிபொருளை விற்கவும் கூடாது, அவருக்கு விற்கவும் கூடாது. கையில் நூறு ரூபாய்த் தாளோடு வரும் பள்ளிச் சிறுவனுக்கு வெங்காய வெடியையும் லட்சுமி வெடியையும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள் என்பது வேறு கேள்வி.

ஊர்ப் பொது மைதானத்திலோ, வீடுகள் இல்லாத சொந்த நிலத்திலோ இடம் அமைந்தால் விண்ணப்பியுங்கள். மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகமும், காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையர் அலுவலகமும் உரிமம் வழங்குகின்றன. கடைசித் தேதியைத் தீபாவளிக்கு வெகு முன்பே அறிவித்துவிடுவதால், நாளிதழ்களைக் கவனித்து வருவது அவசியம். இட வரைபடம், நிலத்தின் உரிமைப் பத்திரம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு கூடிய வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, அடையாளச் சான்று, கட்டணம் செலுத்திய ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். தீயணைப்புத் துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் அறிக்கைகள் வந்த பிறகுதான் உரிமம் கைக்கு வரும் என்பதால், அதற்கு முன்பே சரக்கை இறக்கி வீட்டில் அடுக்கிவிட வேண்டாம். 2023 அக்டோபரில் பெங்களூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்குமாக இருந்த கட்டடம் எரிந்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பண்டிகைக் கால வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள். வெடிக்கும் நேரத்தைப் பற்றி ஆண்டுதோறும் ஊரே விவாதிக்கிறது. சரக்கை எங்கே, எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பற்றி அதில் பாதி அளவாவது பேசினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடி வெடிப்பதுதான் நம் வழக்கம். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு ஏன் இப்படி நேரம் குறித்திருக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நேர வரம்பை விதித்தது உச்ச நீதிமன்றம், அதை இரண்டாகப் பிரித்தது மட்டுமே தமிழக அரசு. தில்லியின் காற்று மாசு தொடர்பாக 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. தமிழகத்தில் தீபாவளி விடியற்காலையில்தான் கொண்டாடப்படுகிறது என்றும், காலை 4.30 முதல் 6.30 வரை கூடுதலாக அனுமதிக்க வேண்டும் என்றும் மாநில அரசு கேட்டது. கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது. ஆனால் மொத்தம் 2 மணி நேரத்தைத் தாண்டாமல் எந்த நேரத்தை வேண்டுமானாலும் மாநிலமே குறித்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரத்தில் நீதிமன்றம் தளர்வு தந்தது. தாங்கள் குறிப்பிடும் நேரம் அப்படிப் பிறந்தது. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை சத்தமெழுப்பும் வெடிகளுக்கு எப்படியும் தடை உண்டு என்பதால், 6 மணிக்கு முன்னால் நகர்த்த வழியில்லை. விடியுமுன் குளித்து முடித்துவிட்டு 6 மணிக்காகக் காத்திருப்பது குழந்தைகளுக்குக் கடினம்தான்; சத்தமில்லாத கம்பி மத்தாப்பைக் கொடுத்து உட்காரவைக்கலாமே என்றால், மொத்த நேர வரம்பு அதற்கும் பொருந்தும்.

கேள்வி: சரவெடிக்குத் தடை என்கிறார்கள், கடையில் கிடைக்கிறது. பசுமைப் பட்டாசு என்று எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஆவடி

பதில்: தடை உண்மை. அதே 2018 தீர்ப்பு சரவெடிகளையும் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளையும் விலக்கியது. 2021இல் நீதிமன்றம் அதை மீண்டும் வலியுறுத்தியது. கடையில் கிடைப்பதாலேயே அது சட்டப்படியான சரக்கு ஆகிவிடாது. பசுமைப் பட்டாசு என்பது நாக்பூரில் உள்ள ‘நீரி’ என்ற மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் வகுத்த கலவை முறைப்படி, நுண்துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறையும் வகையில் தயாரிக்கப்படுவது. பெட்டியின் மேல் அதற்கான பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும்; தயாரிப்பாளரின் பெயர் இல்லாத பெட்டியைக் கையால் தொடவே வேண்டாம். பசுமை என்பதால் புகையே வராது, காயமே படாது என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் 80 சதவீதத் தள்ளுபடியில் பட்டாசு ஆர்டர் செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பட்டாசுக்கு இணையவழியில் ஆர்டர் பெறுவதை 2018 தீர்ப்பு தடை செய்திருக்கிறது. ‘இது விலைப்பட்டியல் மட்டுமே, தொலைபேசியில் அழைப்போம்’ என்று பல தளங்கள் எழுதிவைத்திருப்பது அந்தத் தடையைச் சுற்றிப் போகத்தான். பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் போலித் தளங்களும் அவற்றுக்கிடையே உண்டு. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அச்சிட்ட விலையை ஐந்து மடங்கு ஏற்றிவைத்துவிட்டு 80 சதவீதம் கழிப்பதில் யாருக்கு என்ன தள்ளுபடி என்று எனக்குப் புரிந்ததில்லை.

கேள்வி: சாத்தூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரே ஒரு கிஃப்ட் பாக்ஸ் கொண்டுவரலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரே பெட்டி என்ற சலுகை கிடையாது.

கேள்வி: எங்கள் தெருவில் மருத்துவமனை இருக்கிறது. நள்ளிரவு வரை மாடியில் அணுகுண்டு வெடிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலிலும் சத்த வெடி கூடாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் வெடியை எந்த இடத்திலும் விற்கவோ வெடிக்கவோ கூடாது என்ற விதி 1999 முதல் இருக்கிறது. குறித்த நேரத்தை மீறுவோர் மீது, அரசு ஊழியரின் உத்தரவை மதிக்காததற்காக பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவிலும், வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டு பிறருக்கு ஆபத்து விளைவித்தால் 288ஆவது பிரிவிலும் காவல்துறை வழக்குப் பதியலாம்; பின்னதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. முதலில் மருத்துவமனை நிர்வாகத்தையும் சேர்த்துக்கொண்டு, பண்டிகைக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்துவையுங்கள். அன்றிரவு 112 என்ற எண்ணுக்கு அழைக்கும்போது அந்த மனுவின் ரசீது எண்ணையும் சொல்லுங்கள்.