தொட்டபெட்டாவுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

மே மாதம் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு ஊட்டி போய் வந்தோம். தொட்டபெட்டா உச்சியில் நின்றபோது என் மகள், "யாருப்பா தொட்ட பெட்டா?" என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்கக் கூடாதா? அது அணைந்துபோன எரிமலை என்று டிரைவர் சொன்னார், உண்மையா? மே மாதத்திலும் அங்கே அப்படிக் குளிர்ந்தது ஏன்?

செந்தில், ராமமூர்த்தி நகர்

அன்புள்ள செந்தில்,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. தமிழில் 'தொட்ட' என்று எழுதுவதால் வருகிற குழப்பம் அது, வானத்தைத் தொட்ட மலை என்றே விளக்கம் சொல்பவர்களும் உண்டு. நீங்கள் இங்கே தினமும் காதில் வாங்குகிற சொல்தான். தொட்டபள்ளாபூர், பசவனகுடியின் தொட்ட கணபதி, எல்லாம் அதே 'தொட்ட'. தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. ஆக, பெரியமலை என்ற பெயர் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது, மொழிதான் வேறு.

அந்த மொழி அந்த மலையிலேயே வாழ்கிற படகர்களின் பேச்சு. வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் படகர் என்று பெயர், நம் 'வடக்கு' கன்னடத்தில் 'படகு' ஆகும். பெங்களூர் வந்த முதல் வாரத்தில், நம்முடைய 'வா' இங்கே 'பா' என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்களே, அதே மாற்றம். பல தலைமுறையாக அங்கே பயிர் செய்து வாழ்பவர்கள் நிமிர்ந்து பார்த்துப் 'பெரிய மலை' என்று சொன்ன சொல்லை ஓர் உத்தரவு போட்டு அழிப்பதை என்னால் ஏற்க முடியாது. நம் தொம்மலூரில் சொக்கநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், பல நூற்றாண்டு பழைய தமிழ் எழுத்துகள் அங்கே கல்லில் இருக்கின்றன. அவற்றில் ஓர் எழுத்தை யாராவது சுரண்டினால் நமக்கு எப்படி இருக்கும்? படகர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்.

எரிமலை இல்லை. அந்த மலையின் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர், அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லைப் பார்த்து, 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்தது. சென்னைப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைப்பதும் அதே வகைக் கல்தான். பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவானது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றால், மேலே மூடியிருந்தது எவ்வளவு கரைந்து போயிருக்க வேண்டும், நிலம் எவ்வளவு எழும்பியிருக்க வேண்டும்! அடுத்த முறை போகும்போது, சாலை போட வெட்டிய இடத்தில், புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். கருநீலமும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும். வெயில் மழை பட்ட இடத்தில் அதே கல் செம்மண்ணாகிக் கையில் உதிரும். மகளுக்கு இரண்டையும் தொட்டுக் காட்டுங்கள்.

குளிருக்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். பெங்களூர் சுமார் 920 மீட்டரில் இருக்கிறது, கணக்குப் போட்டால் உச்சியில் நம்மூரைவிடப் பதினோரு டிகிரி குறைவு. அதோடு காற்றும் மேகமும் சேர்ந்துவிட்டால் மே மாதமும் ஸ்வெட்டர் கேட்கும். மழையும் அங்கே இரண்டு பக்கமாக வருகிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிக் கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கலாம். கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு முக்கியமான மழை அக்டோபர், நவம்பரில்.

இன்னொரு முறை போவதாக இருந்தால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். முதல் நாளே ஊட்டியில் தங்கிவிட்டு, மறுநாள் வானம் தெளிவாக இருந்தால் விடியும் முன்பே எழுந்து பள்ளத்துப் புல்வெளிப் பக்கம் நடந்து பாருங்கள். குளிர்காற்று இறங்கித் தேங்குகிற இடம் அது, உறைபனி விழுந்திருந்தால் புல் முழுக்க உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும், மிதித்தால் நொறுங்கும். வெயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வெறும் ஈரம்தான் இருக்கும், அதனால் மகளைச் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள்.