பாதியில் நிற்கும் நாவல்: முடிப்பதா, மூடுவதா?

கேள்வி: 640 பக்க ரஷ்ய நாவலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். 190-ஆம் பக்கத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன். யார் யார் என்றே பிடிபடவில்லை. '200 பக்கம் தாண்டினால் தானாக ஓடும்' என்கிறார்கள். தொடரலாமா?

பதில்: அந்த 200 பக்கக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, நம்பாதீர்கள். சில நாவல்களில் தொடக்கம்தான் கடினம். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' (1929) நான்கு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியைச் சொல்லும் பெஞ்சிக்கு இன்று, முப்பது வருடம் முன்பு என்ற பேதமே கிடையாது. மூன்றாம் பகுதிக்கு வந்தால் நடை நேராகிவிடும். வேறு சில கடைசிவரை அதே கடுமைதான். உங்களுடையது எந்த ரகம்? 300, 450-ஆம் பக்கங்களைத் திறந்து இரண்டிரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்ற கவலை துப்பறியும் நாவலுக்கு இருக்கட்டும்.

உங்கள் சிக்கல் பெயர்கள். ரஷ்ய நாவலில் அலெக்சாண்டர், அலெக்சாண்டர் இவானோவிச், சாஷா மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். இவானோவிச் என்றால் இவானின் மகன், சாஷா செல்லப்பெயர். ஒரு துண்டுத்தாளில் ஆளுக்கு ஒரு வரி: எல்லாப் பெயர்களும், யாருக்கு என்ன உறவு என்பதும். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பிறகு கடைசியாகப் படித்த இரண்டு அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். முதல் பக்கத்துக்கு ஓடாதீர்கள். அப்படி ஓடுகிறவர்கள் முதல் நூறு பக்கத்தையே மூன்று முறை படித்து அலுத்துவிடுகிறார்கள். தூங்கும் முன் ஐந்து பக்கம் என்பதும் இதற்கு உதவாது. ஒரே அமர்வில் 25 பக்கம், இரண்டு அமர்வு.

'பத்து நிமிடத்தில் முழு நாவல்' காணொளிகள் பக்கம் போகாதீர்கள். அவற்றில் பல, இன்னொரு சுருக்கத்தின் சுருக்கம்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். குறை உங்களிடமும் இல்லாமல், ஆசிரியரிடமும் இல்லாமல், பதிப்பில் இருக்கலாம். ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். எழுவாய் எங்கே, வினை எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அது மொழிபெயர்ப்பின் கோளாறு. பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள்: மொழிபெயர்த்தவர் யார், எந்த மொழியிலிருந்து, 'சுருக்கம்' என்ற சொல் எங்காவது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறதா? வேறொரு பதிப்போடு அத்தியாய எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அதில் 60, உங்களிடம் 41 என்றால் வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அறிமுகமே இல்லாத ஆட்கள் திடீரென முளைப்பதும் அதனால்தான். மொழிபெயர்ப்பாளர் பெயரைக்கூடப் போடாமல் அட்டையில் 'முழு நாவல்' என்று அச்சிட்டு விற்கிறார்கள், கேட்பாரில்லை. அப்படியானால் தயங்காமல் நிறுத்திவிட்டு, நல்ல மொழிபெயர்ப்பை வாங்கி முதலிலிருந்து தொடங்குங்கள்.

பதிப்பு சரி, பெயர்கள் தெளிந்தன, 50 பக்கமும் புரிந்தது. ஆனாலும் அந்த ஆட்களுக்கு என்ன ஆனால் என்ன என்று தோன்றுகிறதா? மூடிவிடுங்கள். பெயர்த்தாளை மட்டும் அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். பிறகு எடுத்தால் அங்கிருந்தே தொடரலாம்.