செயற்கை நுண்ணறிவில் இணையவழி முதுமாணி: மலையகத்திலிருந்து சில கேள்விகள்

நோர்வூட்டில் ஆசிரியை. கணினிப் பட்டம் இல்லை. எனக்கு இடம் கிடைக்குமா, சேர்?

கிடைக்கும், இடம் பார்த்து விண்ணப்பித்தால். ஒஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு முதுமாணி பத்துப் பாடம், சுமார் 10,000 டொலர். அங்கே கணினி அடித்தளத்தை எதிர்பார்ப்பார்கள். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்தும் கணினி விஞ்ஞான முதுமாணிக்குப் பழைய பெறுபேறு தேவையில்லை. குறித்த பாடங்களைக் காசு கட்டிப் படித்து, சராசரி பி எடுத்தால் அதுவே அனுமதி. உங்களுக்கு இதுதான் தோது. அதற்குமுன் பைத்தன் நிரல்மொழியும் உயர்தர இணைந்த கணிதமும் படியுங்கள்: தாயம் (மெட்ரிக்ஸ்), நிகழ்தகவு, வகையீடு. எல்லாரும் ஆங்கிலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆளை விழுத்துவது கணிதம்.

பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம் செல்லுமா? (பதுளை)

முதல் தவணை கட்டுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பையும் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு கூடியது 10ஆம் மட்டம். மலிவான அமெரிக்கப் பட்டங்களில் பலவற்றில் ஆய்வேடு கிடையாது. விரிவுரையாளராகும் எண்ணமிருந்தால் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு முதுமாணியையும் விசாரியுங்கள்.

மஸ்கெலியாவில் மழை பிடித்தால் சிக்னலும் இல்லை, கரண்டும் இல்லை.

விரிவுரைகள் பதிவாகத்தான் வரும். டவுனுக்குப் போகும் நாளில் போனில் இறக்கி வையுங்கள். விலையுயர்ந்த லெப்டொப் வேண்டாம், நிரலைக் கூகிளின் கணினியிலேயே ஓட்டும் கூகிள் கொலாப் போதும். தொடர்பு நீண்ட நேரம் அறுந்தால் ஓடிய வேலை அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பயிற்சிச் சுற்று முடிவிலும் மொடலை (தரவைப் பார்த்துக் கற்கும் நிரலை) கூகிள் டிரைவில் சேமிக்கும்படி எழுதுங்கள். சில பாடங்களில் ஒப்படைக் கெடு, பூமியில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரப்படி இருக்கும். அப்படியானால் ஞாயிறு நள்ளிரவு நமக்குத் திங்கள் மாலை ஐந்தரை.

ஒப்படையை சாட்ஜிபிடி எழுதினால்?

பாடத்துக்குப் பாடம் விதி வேறு. முதல் வாரம் தரும் பாடத்திட்டத்தில் இருக்கும், வாசியுங்கள்.

செயற்றிட்டத்துக்குத் தேயிலை நோய் எடுக்கலாமா? அப்பா தோட்டத்தில் வேலை. (தலவாக்கலை)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தேன். கொப்புள நோயை எடுங்கள், இலைப் படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் மொடல் செய்யுங்கள். 1946இல் இலங்கைக்கு வந்த பூஞ்சை. பறிக்கிற இளங்கொழுந்தைத்தான் தாக்கும். முதலில் ஒளி ஊடுருவும் சின்னப் புள்ளி, பிறகு இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம். கொப்புளத்தைப் பிள்ளையும் காட்டும். புள்ளிக் கட்டத்தில் பிடிக்கிற மொடல்தான் மருந்தடிக்கிறவருக்கு உதவும். ஆகவே அடிப்பக்கத்தையும் படமெடுங்கள்.

பெரும்பாலான செயற்றிட்டங்கள் சறுக்குவது படங்களைப் பிரிக்கும்போது. ஒரே செடியின் பத்துப் படத்தில் எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் வைத்தால் மொடல் அந்தச் செடியை மனப்பாடம் செய்துவிடும். மதிப்பெண் பிரமாதமாக வரும், பக்கத்து மலையில் கைவிடும். நம்பர் மலை (தோட்டத்தில் எண்ணிட்ட தேயிலைத் துண்டு) வாரியாகப் பிரியுங்கள்: மூன்று மலை பயிற்சிக்கு, மொடல் பார்த்தேயிராத நாலாவது சோதனைக்கு. நோய்ப் படம் எல்லாம் மழை நாளிலும் நல்ல இலை எல்லாம் வெயிலிலும் எடுத்தால், அது படிப்பது வானிலையை. ஒரே நாளில், ஒரே போனில் இரண்டையும் எடுங்கள்.

எது நோய், எது கீறல் என்று அடையாளமிட அப்பாவையும் கூட வேலை செய்கிற அக்காமாரையும் தனித்தனியாகக் கேளுங்கள். அவர்களுக்குள் ஒத்துப்போகாத படங்களை ஒதுக்கிவைத்து, தலவாக்கலையிலேயே இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேட்கலாம். கடிதம் எழுதிவிட்டுப் போங்கள்.