தொடக்கப் பள்ளி: பெற்றோர் கேள்விகளும் ஆசிரியர் கேள்விகளும்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஒரு தாய், திருவண்ணாமலை): என் மகன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளைக் கிள்ளுகிறான், அடிக்கடி வெளியே போய்விடுகிறான் என்று ஆசிரியை சொல்கிறார். வீட்டில் இவ்வளவு சேட்டை இல்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: அதற்கு முன் ஆசிரியையிடம் ஒன்று கேளுங்கள்: அவன் எழுந்து போவது நாள் முழுவதுமா, அல்லது வாசிக்கச் சொல்லும் நேரத்தில் மட்டுமா? பிள்ளைகள் வரிசையாக எழுந்து பாடத்தை உரக்க வாசிக்கும்போது, தன் முறை நெருங்குவதை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்து, இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்குவது அந்த வயதில் எவ்வளவோ மேல்.

வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அவனுடைய பாடநூலை எடுக்காதீர்கள். பாடத்தை முழுவதும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வாசித்ததாகக் காட்டும் பிள்ளைகள் உண்டு. அவன் பார்த்திராத இரண்டாம் வகுப்பு நிலைக் கதை ஒன்றைக் கொடுத்து, நடுவில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டு என்ன என்று கேளுங்கள். அவன் உங்கள் முகத்தையோ பக்கத்தில் உள்ள படத்தையோ பார்த்துச் சொன்னால் விடை கிடைத்துவிட்டது. கூடவே, கரும்பலகையில் இருப்பதை நேராகப் பார்த்து எழுதுகிறானா, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்பதையும் கேட்டறிந்து, ஐயம் இருந்தால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். வாசிப்பும் பார்வையும் சரியாக இருந்து, வீடு, பள்ளி, விளையாட்டிடம் என எல்லா இடத்திலும் மாதக்கணக்கில் இதே நிலை நீடித்தால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சிக்கல் வாசிப்பில் இருக்கும் என்றே தோன்றுகிறது. அப்படியானால் கண்டிப்பதால் பயனில்லை. தினமும் கால் மணி நேரம், வகுப்புப் பிள்ளைகள் முன்னால் அல்லாமல் தனியாக, அவனால் முடிகிற நிலையிலிருந்து வாசிக்க வைக்க வேண்டும்.

கேள்வி (ஓர் ஆசிரியர், அரியலூர்): எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகளையும் இருவர் எப்படிக் கவனிப்பது?

பதில்: கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர்தான், வகுப்புகள் எத்தனை என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆகவே வகுப்பு வாரியாக நடத்த முயன்றால் ஒருநாளும் முடியாது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலும், 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் வகுப்பை விட்டுவிட்டு நிலையைப் பிடித்தன. பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாகப் பிரித்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் முதல் வகுப்புப் பிள்ளையும் ஒரே அரும்புக் குழுவில் உட்காரலாம். ஒரு குழுவுக்கு நீங்கள் நேரடியாகக் கற்பிக்கும்போது, மற்ற இரண்டு குழுக்களுக்கும் உங்களைக் கேட்காமலேயே செய்து முடிக்கத்தக்க வேலை கையில் இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள சூட்சுமம். அந்த வேலையை முதல் நாள் மாலையே எடுத்து வைத்துவிடுங்கள். பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் தின்னும் நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

கேள்வி (ஒரு தந்தை, தஞ்சாவூர்): முதல் வகுப்பு மகள் 'கெ' என்பதை எழுதும்போது 'க' எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் போடுகிறாள். சில எழுத்துகளைத் திருப்பியும் எழுதுகிறாள். இது குறைபாடா?

பதில்: இந்த வயதில் இல்லை. காதில் முதலில் விழுவது 'க்', பிறகுதான் 'எ'. கேட்ட வரிசையில் எழுதுகிறாள். கொம்பு முன்னால் வரும் என்பது எழுத்தின் ஏற்பாடு, ஒலியின் ஏற்பாடு அல்ல. 'கொ' எழுதும்போது இன்னும் குழம்புவாள், அங்கே குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. அ, ஆ வரிசையை முழுவதும் ஒப்பித்த பிறகே சொல் என்று வற்புறுத்தாமல், ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கிப் படம், மடம், பட்டம் என்று சொல்லாகச் சேர்க்க விடுங்கள். கொம்பு எழுத்துகளை அதன் பிறகு, ஒன்றொன்றாக, மணலிலோ தரையிலோ பெரிதாக எழுதிப் பழகட்டும். எழுத்தைத் திருப்பி எழுதுவது பெரும்பாலும் ஏழு வயதையொட்டித் தானே நின்றுவிடும். மூன்றாம் வகுப்பிலும் தொடர்ந்து, வாசிப்பும் தடுமாறினால் அப்போது கவனிக்க வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): தனியார் பள்ளியில் முதல் வகுப்புக்கே நாள்தோறும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம் தருகிறார்கள்.

பதில்: ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே வலியுறுத்தியது. அதே ஆண்டு மைய அரசின் சுற்றறிக்கை அவ்வகுப்புகளின் பை எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. இவற்றைக் குறிப்பிட்டு, பெற்றோர் சிலர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம், விருதுநகர்): ஆசிரியர் என் மகளை ஸ்கேலால் அடித்துவிட்டார். கேட்டால் மகளுக்குத் தொல்லை வருமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: கேட்கத்தான் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். அதில் தீராவிட்டால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை இருக்கின்றன. உங்கள் மகளை எல்லார் முன்னிலும் நிறுத்தி நடந்ததைச் சொல்லச் சொல்வதை அனுமதிக்காதீர்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பெற்றோர் அப்படிச் சொன்னது மற்றப் பிள்ளைகளையும் அடிப்பதற்கான உரிமையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கேள்வி (சேலம்): மகன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான். காலை உணவுத் திட்டத்தில் அவனும் உண்ண வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆயினும் உண்ணட்டும் என்பேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த இத்திட்டத்தின் முதல் நோக்கம் பசி தீர்ப்பது. உப்புமாவோ பொங்கலோ வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு முதல் பாடவேளையில் தலை சுற்றுவதில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது பந்தி. 2023-இல் சில ஊர்களில், சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிப் பெற்றோர் பிள்ளைகளை உண்ண விடாமல் தடுத்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதிகாரிகள் நேரில் சென்று உடன் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. வீட்டில் சாப்பிட்டவன் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு எல்லாரோடும் தரையில் உட்கார்ந்தாலே போதும். இலவசச் சாப்பாடு வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள் என்று வகுப்பு இரண்டாகப் பிரியாது.

கேள்வி (நாகப்பட்டினம்): ஆறு வயது மகள் பள்ளியிலிருந்து பிறர் பென்சில், ரப்பர் எடுத்து வருகிறாள்.

பதில்: திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். மறுநாள் நீங்கள் உடன் சென்று அவள் கையாலேயே திருப்பிக் கொடுக்க வையுங்கள். கூட்டம் கூட வேண்டாம். ஆசிரியை மேசையில் பொதுப் பென்சில்கள் கொண்ட ஒரு டப்பா இருந்தால் இத்தகைய புகார்கள் பாதியாகக் குறையும்.

கேள்வி (திண்டுக்கல்): என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதைத் தவிர என்ன செய்ய முடியும்?

பதில்: தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியும்; முதலில் அதைச் செய்யுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது; பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், பெறும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் உங்கள் பணி. அடுத்த கூட்டத்துக்கு முன் கழிப்பறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்: குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகள் பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, முதல் வகுப்புக் குழந்தைக்கு அது எட்டுகிறதா? பார்த்ததைத் தேதியிட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஊராட்சி செய்ய வேண்டிய வேலையாக இருந்தால் அதே தீர்மானத்தின் நகலைக் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள்.

கேள்வி (திருவள்ளூர்): செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துக் குழந்தையிடம் மாற்றுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இல்லை. பள்ளியில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்க்க வேண்டும். சான்றிதழ் இல்லை என்பதையோ தாமதமாக வருகிறது என்பதையோ காட்டித் தொடக்கக் கல்வியை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நீங்களே குழந்தையின் பெற்றோரோடு பள்ளிக்குச் செல்லுங்கள். தமிழும் கொஞ்சம் ஒடியாவும் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை வகுப்பில் ஏற்கெனவே இருந்தால், முதல் சில வாரங்கள் இருவரையும் அருகருகே உட்கார வைக்கச் சொல்லுங்கள்.