புதிதாகக் கட்டிய கிட் விமானத்தில் எஞ்சின் ஏன் இவ்வளவு சூடாகிறது?

கேள்வி: ஆர்.வி-7 விமானம், புது லைகாமிங் ஓ-360 எஞ்சின். மேலேறும்போது சிலிண்டர் ஹெட் வெப்பம் 440 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. கௌலிங்கின் (எஞ்சினை மூடும் உறையின்) காற்று நுழையும் முன்வாயை வெட்டிப் பெரிதாக்கலாமா?

வெட்டாதீர்கள். அமெரிக்காவில் இந்த மாதிரி கிட் விமானங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. சூடு என்று வருகிறவற்றில் முன்வாய் சிறியதாக இருந்தது காரணம் என்று பார்த்தது அபூர்வம். உள்ளே வருகிற காற்று பெரும்பாலும் போதும். வந்த காற்று ஃபின்களுக்கு (சிலிண்டரைச் சுற்றியுள்ள, சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கு) நடுவே நுழையாமல் வேறு வழியில் நழுவிவிடுகிறது, அதுதான் சிக்கல்.

440 என்பது எவ்வளவு மோசம்? லைகாமிங்கின் சிவப்புக் கோடு 500. ஆனால் எஞ்சின் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் தொடர்ந்து ஓடும்போது 435-க்குள் வைக்கச் சொல்கிறார்கள். சூடு ஏற ஏற அலுமினிய ஹெட் வலுவிழக்கும் என்பதால், பறந்துகொண்டிருக்கும்போது 400 தாண்டினாலே எனக்குப் பிடிக்காது.

புது எஞ்சினுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. சிலிண்டர் சுவரில் ஹோனிங் (உராய்வுக் கல்லால் தேய்த்தல்) செய்த கோடுகள் இருக்கும். பிஸ்டன் ரிங்குகள் அவற்றோடு உரசி உட்காரும் வரை கூடுதல் சூடு வரத்தான் செய்யும். முதல் சில மணி நேரங்களில் வெப்பம் தானாகவே இறங்கி, ஆயில் செலவும் ஒரு நிலைக்கு வந்தால் ரிங் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சூட்டுக்குப் பயந்து த்ராட்டிலைக் குறைத்து மெதுவாகப் பறந்தால் ரிங் உட்காராமலே போய்விடும், சுவர் பளபளத்துப் போகும். மினரல் ஆயில் போட்டு, 75 சதவீத பவரில் ஓட்டுங்கள். தரையில் நின்றபடி நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம். ஏறும்போது மூக்கைத் தாழ்த்தி 110, 120 நாட் (knot) வேகத்தில் ஏறுங்கள்.

அடுத்து மீட்டர். அதிகம் காட்டுகிற சிலிண்டரின் ப்ரோபை (வெப்பத்தை உணரும் முனையை) கழற்றி, குறைவாகக் காட்டுகிற சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். சூடு ப்ரோபோடு கூடவே போனால் கோளாறு எஞ்சினில் இல்லை. ஸ்பார்க் ப்ளக்குக்கு அடியில் வைக்கும் வாஷர் வகை ப்ரோப், ஹெட்டில் திருகும் வகையைவிடக் கூடுதலாகவே காட்டும். அதை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

இப்போது பேஃபிள், அதாவது காற்றை ஃபின்களுக்கு நடுவே திருப்பிவிடும் தகடுகள். நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். இருட்டிய பிறகு கௌலிங்கை மூடி, உள்ளே ஒரு விளக்கை வைத்து முன்வாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம். ரப்பர் சீல் முன்பக்கமாக, உள்நோக்கி மடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றழுத்தமே அதைக் கௌலிங்கோடு ஒட்ட வைக்கும். பின்பக்கம் மடிந்திருந்தால் அதே அழுத்தம் அதைத் திறந்துவிடும். சில மணி நேரம் பறந்தபின் கௌலிங்கின் உட்புறத்தில் சீல் உரசிய தடம் தெரியும், அது விட்டுப்போன இடத்தில் இடைவெளி. மூலைகளையும் ரிவெட் ஓட்டைகளையும் உயர்வெப்ப சிலிக்கோனால் அடையுங்கள். சிலிண்டர்களுக்கு நடுவில், அடியில் போடும் தகடுகளை அவசரத்தில் தளர்வாக விட்டுவிடுவது சகஜம். அவை ஃபின்களை இறுகத் தழுவியிருக்க வேண்டும்.

மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் சூடா? அதன் பின்பக்கத்தில் ஃபின்கள் ஆழமற்றவை. பேஃபிள் தகடு அங்கே ஒட்டி நின்றால் காற்றுப்பாதை அடைந்துபோகும். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வாஷர் வைத்துச் சிறு இடைவெளி கொடுத்தாலே பலருக்குச் சரியாகியிருக்கிறது. ஃபின்களுக்கு இடையே வார்ப்புப் பிசிறு அடைத்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நான்கும் ஒன்றாகச் சூடானால் எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஹெட் சூடு, எக்ஸாஸ்ட் குளிர்ச்சி என்றால் மேக்னெட்டோ (ப்ளக்குக்குப் பொறி தரும் கருவி) டைமிங் முந்திவிட்டது; எஞ்சினின் டேட்டா ப்ளேட்டில் உள்ள டிகிரியோடு ஒப்பிடுங்கள். இரண்டுமே சூடென்றால் மிக்ஸ்சர் வறட்சி, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருள் போதவில்லை. 180 குதிரைத்திறன் எஞ்சின் முழு த்ராட்டிலில் மணிக்குச் சுமார் 15 கேலன் குடிக்க வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் கார்புரேட்டர் ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லையா? அப்போது அழுத்தத்தை அளக்கலாம். பழைய வேகமானி ஒன்று கிடைத்தால் போதும். அதன் பிட்டோ குழாயை (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்குவது) எஞ்சினுக்கு மேல் பகுதியிலும், ஸ்டாட்டிக் குழாயை (சாதாரணக் காற்றழுத்தத்தை வாங்குவது) கீழ்ப் பகுதியிலும் விடுங்கள். குழாய் முனையில் காற்று நேராக அடிக்கக் கூடாது. ஏறும்போது அது 100 முதல் 110 மைல் வரை காட்டினால் ஐந்து, ஆறு அங்குல நீரழுத்த வித்தியாசம் இருக்கிறது, அது தாராளம். குறைந்தால் கீழே காற்று தேங்கி நிற்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போதும் கை வைக்க வேண்டியது வெளியேறும் வாயில்தான், முன்வாயில் அல்ல.

ஒன்று மட்டும் தனி. ஒரே ஒரு சிலிண்டர், ஓரிரு நிமிடத்துக்குள் நிற்காமல் விறுவிறுவென்று ஏறினால் அது குளிரூட்டல் பிரச்சினை அல்ல, ப்ரீ-இக்னிஷனாக (ப்ளக் பொறி விடும் முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வது) இருக்கலாம். உடனே த்ராட்டிலைக் குறைத்து, மிக்ஸ்சரை முழு ரிச்சாக்கி (எரிபொருளைக் கூட்டி), பக்கத்து ஓடுபாதையில் இறங்குங்கள். போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் சிறு கேமரா) விட்டு பிஸ்டனைப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.